சேட்டாரா துறைமுகத்தில் மீன் சாப்பாடு: முதல்முறை போகிறவர்களுக்கு

இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பொசிதானோவிலோ அமால்ஃபியிலோ இறங்கிச் சாப்பிடுகிறார்கள். சலேர்னோவில் இருந்து மேற்கே போகும் மலைச்சாலையில், வியேத்ரி சுல் மாரே ஊரைத் தாண்டியதும் வருகிற சேட்டாராவை பஸ் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். மீன் சாப்பிடத்தான் வந்தீர்கள் என்றால் இறங்க வேண்டிய ஊர் இதுதான். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழும் இந்தக் கிராமம் இன்றும் மீன்பிடி ஊர்தான். நெத்திலிக்கும் சூரைக்கும் பெயர்போனது. துறைமுகத்தை ஒட்டி ஒரு பழைய காவல் கோபுரம், பக்கத்தில் சின்னக் கடற்கரை, அங்கிருந்து தேவாலயம் பக்கமாக ஏறும் ஒரே முக்கியத் தெரு. உணவகங்கள் எல்லாம் இந்தத் தெருவிலும் துறைமுக விளிம்பிலும் நெருக்கமாக இருக்கின்றன. சாப்பாடு நன்றாக இருக்கும். ஆனால் இத்தாலிய உணவக வழக்கம் தெரியாமல் உட்கார்ந்தால் பில் வரும்போது அதிர்ச்சி காத்திருக்கும். இங்கே சொல்லும் வழக்கங்களில் முக்கால்வாசி இத்தாலியின் மற்ற கடலோர ஊர்களுக்கும் பொருந்தும்.

நாள் பார்த்துப் போவது

இங்கே நெத்திலியை இரவில்தான் பிடிக்கிறார்கள். படகில் பிரகாசமான விளக்கு வைத்து மீனை மேலே வரவழைத்து, சுருக்கு வலையால் வளைக்கும் முறை இது. விளக்குக்கு லாம்பாரா என்று பெயர், வலைக்கு சான்சோலோ. நிலவு முழுசாக இருக்கும் நாட்களில் கடல் முழுக்க வெளிச்சம் பரவிவிடுவதால் விளக்கின் ஈர்ப்பு குறைகிறது. ஆகவே பௌர்ணமியை ஒட்டிய சில இரவுகளில் இந்தப் படகுகள் பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை. காற்றும் அலையும் மிகுந்த நாட்களிலும் அப்படியே. ஞாயிறு இரவு படகுகள் ஓய்வில் இருந்தால் திங்கள் மதியம் கிடைப்பது சனிக்கிழமை மீனாக இருக்கலாம். புது நெத்திலியை நம்பிப் போகிறவர்கள் செவ்வாய் முதல் சனி வரை ஒரு நாளை, பௌர்ணமியைத் தவிர்த்து, தேர்ந்தெடுப்பது நல்லது. கிழமைக்கும் நிலவுக்கும் காலண்டரைப் பார்த்தாலே போதும்.

பருவம் என்று பார்த்தால் வசந்தமும் கோடைத் தொடக்கமும் நெத்திலிக்காலம். கொலத்தூரா என்ற நெத்திலி வடிசாறுக்காக உப்பிடும் மீனை மார்ச் 25-ல் வரும் தேவ அறிவிப்புத் திருநாளில் இருந்து ஜூலை 22-ல் வரும் மகதலேனா மரியாள் திருநாள் வரை பிடிப்பதே மரபு. ஆகஸ்டில் கூட்டம் நெரியும். குறிப்பாக 15-ஆம் தேதி, நாடே விடுமுறையில் இருக்கும் ஃபெர்ரகோஸ்தோ நாளில், முன்பதிவு இல்லாமல் துறைமுகப் பக்கம் மேஜை கிடைப்பது அரிது. ஜனவரி, பிப்ரவரியில் பல உணவகங்கள் வாரக்கணக்கில் மூடியிருக்கும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு விடுவதும் வழக்கம். அது கடைக்குக் கடை மாறும் என்பதால் போன் செய்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

போய்ச் சேர்வது

நேப்பிள்ஸில் இருந்து ரயிலில் சலேர்னோ. அங்கிருந்து அமால்ஃபி போகும் சீத்தா சுத் பஸ் சேட்டாராவில் நிற்கும். டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே புகையிலைக் கடையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதும் இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த மறக்க வேண்டாம். கோடையில் சலேர்னோவில் இருந்து படகும் உண்டு. அலை அதிகமானால் அதை நிறுத்திவிடுவார்கள். கார் வேண்டாம் என்றே சொல்வோம். சாலை குறுகல், ஊருக்குள் வண்டி நிறுத்த இடம் மிகக் குறைவு, ஓட்டுகிறவர் மது தொட முடியாது. இரவுச் சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தான் மேஜை பதிய வேண்டும். இத்தாலிய இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தரை வரை நீளும். பஸ் அதற்காகக் காத்திருக்காது. பஸ் கவலை இருந்தால் மதியச் சாப்பாடே மேல்.

மேஜை

மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டரை, இரவு ஏழரை முதல் பத்தரை: சமையலறை திறந்திருக்கும் நேரம் ஏறத்தாழ இவ்வளவுதான். மூன்றரை மணிக்குப் பசிக்கிறது என்று போனால் நாற்காலிகள் இருக்கும், அடுப்பு இருக்காது. அந்த நேரத்தில் கிடைப்பது குவோப்போ: தாள் கூம்பில் போட்டுத் தரும் பொரித்த நெத்திலி, கணவாய், இறால். துறைமுகச் சுவரில் உட்கார்ந்து கையால் எடுத்துச் சாப்பிடலாம். செலவும் குறைவு. உணவகத்தில் இரண்டு மணி நேரம் உட்காரும் பொறுமை குழந்தைகளுக்கு இல்லை என்றால் இதையே சாப்பாடாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

முன்பதிவுக்கு ஒரே வாக்கியம் போதும்: "வொர்ரேய் ப்ரெனோத்தாரே உன் தாவோலோ பெர் தூயே, தொமானி சேரா அல்லே ஓத்தோ." நாளை இரவு எட்டு மணிக்கு இரண்டு பேருக்கு ஒரு மேஜை என்று பொருள். மதியம் என்றால் "தொமானி அ ப்ரான்ட்ஸோ". வெளியே உட்கார வேண்டுமானால் கடைசியில் "ஃபுவோரி" என்று சேர்க்கவும். இத்தாலியில் 2005 முதல் உணவகத்துக்குள் புகைபிடிக்கத் தடை இருக்கிறது. அதனால் புகைப்பவர்கள் வெளி மேஜைகளுக்குத்தான் வருவார்கள். புகை ஒத்துக்கொள்ளாதவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் உள்ளே ஜன்னலோரம் கேட்பது நல்லது.

காலியாக இருக்கிறதே என்று நேராகப் போய் உட்காரக் கூடாது. வாசலில் நின்று, மதியத்தில் "புவோன்ஜோர்னோ", மாலையில் "புவோனசேரா" சொல்லிக் காத்திருங்கள், அவர்களே அழைத்துப் போவார்கள். கடற்கரையில் இருந்து நனைந்த நீச்சல் உடையோடு வருவதை எந்த உணவகமும் விரும்பாது. சட்டை, செருப்பு இருந்தால் போதும். கோட்டு எதுவும் வேண்டாம்.

மெனு அட்டையைப் புரிந்துகொள்வது

அட்டை ஐந்து பகுதியாக இருக்கும். ஆன்ட்டிபாஸ்தோ என்பது முன்னுணவு. ப்ரீமோ என்பது பாஸ்தா அல்லது அரிசி. செகோண்டோ என்பது மீன் அல்லது இறைச்சி, அதுவும் தனியாக, துணைக்கு எதுவும் இல்லாமல். கொன்தோர்னோ என்பது அந்த மீனுக்குத் துணையான காய், கீரை, உருளைக்கிழங்கு. தோல்ச்சே இனிப்பு. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது செகோண்டோவில்தான். மீன் கேட்டால் தட்டில் மீனும் ஒரு துண்டு எலுமிச்சையும் மட்டுமே வரும். கூட ஏதாவது வேண்டும் என்றால் கொன்தோர்னோவைத் தனியாகச் சொல்ல வேண்டும், அதற்குத் தனி விலை.

ஐந்தையும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. இத்தாலியர்களே அப்படிச் சாப்பிடுவது விசேஷ நாட்களில்தான். இரண்டு பேர் என்றால் ஒரு ஆன்ட்டிபாஸ்தோவைப் பகிர்ந்து, ஆளுக்கொரு ப்ரீமோ, பசி மீதம் இருந்தால் ஒரு மீனை இருவரும் பங்கிட்டுக்கொள்வது சரியான அளவு. பகிரப் போகிறோம் என்பதை முன்பே சொல்லிவிட்டால் சமையலறையிலேயே இரண்டு தட்டில் பிரித்துக் கொடுப்பார்கள்: "லோ திவிதியாமோ இன் தூயே." கூட்டமான இரவில் நான்கு பேர் உட்கார்ந்து ஒரு பாஸ்தா மட்டும் வாங்குவது முறையல்ல.

உணவு ஒவ்வொரு கட்டமாகத்தான் வரும். முதல் தட்டை முடிக்காமல் அடுத்ததைக் கொண்டுவர மாட்டார்கள். நம் வழக்கப்படி எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்துச் சாப்பிட விரும்பினால் "துத்தோ இன்ஸியேமே" என்று சொல்லலாம். ஆனால் பாஸ்தா ஆறினால் ஒட்டிக்கொண்டுவிடும், பொரித்த மீன் பத்து நிமிடத்தில் மொறுமொறுப்பை இழக்கும். வரிசையாக வருவதே நல்லது.

அட்டையில் மூன்று சின்ன விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. அந்தப் பொருள் உறைய வைத்து வந்தது என்று அர்த்தம். இதைக் குறிப்பிடாமல் விற்பது இத்தாலியில் வணிக மோசடியாகக் கருதப்படும். நட்சத்திரம் இருப்பதால் அது கெட்ட உணவு ஆகிவிடாது. கணவாயும் இறாலும் பல இடங்களில் உறைந்தே வரும். ஆனால் துறைமுகத்தில் உட்கார்ந்து புது மீன் விலை கொடுப்பவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு, "மீனிமோ பெர் தூயே பெர்சோனே" என்ற வரி. குறைந்தது இரண்டு பேருக்குத்தான் சமைப்பார்கள், போட்டிருக்கும் விலை பெரும்பாலும் ஒரு ஆளுக்கு. மூன்றாவது, விலைக்குப் பதிலாகவோ விலைக்குப் பக்கத்திலோ எழுதியிருக்கும் "அல்லெத்தோ". அதற்குத் தனிப் பகுதியே தேவை.

எடைக்கு விற்கும் மீன்

எத்தோ என்றால் நூறு கிராம். அல்லெத்தோ என்று எழுதியிருந்தால் விலை நூறு கிராமுக்கு. முழு மீனுக்கு இத்தாலியக் கடலோர உணவகங்கள் பெரும்பாலும் எத்தோ கணக்கில்தான் விலை போடுகின்றன. அட்டையில் 7 என்று பார்த்ததும் மலிவாக இருக்கிறதே என்று தோன்றும். சர்வர் காட்டும் மீன் 1.2 கிலோ இருந்தால் அது 12 எத்தோ, ஆக 84 யூரோ. இத்தாலியத் துறைமுகங்களில் வெளிநாட்டுப் பயணிகள் வாய்விட்டுப் புலம்பும் பில்களில் பல இந்த ஒரு கணக்கைப் போடாததால் வந்தவைதான். அதில் ஏமாற்று இருப்பதில்லை. அட்டையில் எழுதித்தான் இருந்தது.

எடை போடுவது பச்சையாக, குடல் எடுக்கும் முன். தலை, முள், குடல் போனால் சமைத்த பின் தட்டுக்கு வருவது மொத்த எடையில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். ஆகவே 800 கிராம் மீன் இரண்டு பேருக்குச் சரி, பாஸ்தாவும் சாப்பிட்டிருந்தால் தாராளம். மூன்று பேருக்கு 1.2 கிலோ. இதைவிடப் பெரிய மீனைக் காட்டினால் தயங்காமல் "பியூ பீக்கோலோ" என்று சொல்லுங்கள். இதைவிடச் சின்னது என்று பொருள்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் "கோஸா எ அர்ரிவாத்தோ ஓஜ்ஜி?" என்று கேளுங்கள்: இன்று என்ன வந்தது? நல்ல கடையில் மீனைத் தட்டில் வைத்து மேஜைக்கே கொண்டுவருவார்கள், அல்லது ஐஸ் பெட்டிக்கு அழைத்துப் போவார்கள். செவுளும் கண்ணும் பார்த்து மீன் வாங்கப் பழகியவர்களுக்கு இங்கே புதிதாகச் சொல்லித்தர எதுவும் இல்லை. அதே பார்வைதான். அடுத்து "குவாந்தோ பேஸா?" எடை எவ்வளவு. கடைசியாக "குவாந்தோ வியேனே இன் துத்தோ?" மொத்தம் எவ்வளவு ஆகும். எடையும் தொகையும் வாயால் சொல்லப்பட்ட பிறகே சரி என்று தலையசைக்க வேண்டும். இப்படிக் கேட்பதை யாரும் அநாகரிகமாக நினைப்பதில்லை, உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள். மீன் அடுப்பில் ஏறிய பின் பேரம் கிடையாது.

இன்னொரு கேள்வி, வளர்ப்பு மீனா கடல் மீனா என்பது. ஸ்பீகோலா நம் கொடுவாயைப் போன்றது. ஒராத்தா தட்டையான வெள்ளி மீன், நெற்றியில் பொன் நிறக் கோடு. இரண்டும் பண்ணைகளில் பெருமளவு வளர்க்கப்படுகின்றன. முந்நூறு, நானூறு கிராமில் எல்லாம் ஒரே அளவாக அடுக்கியிருந்தால் பெரும்பாலும் வளர்ப்புதான். "எ தி அல்லெவமேந்தோ?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். வளர்ப்பு மீன் விலை குறைவு, கொழுப்பு சற்று அதிகம், சுடுவதற்கு நன்றாகவே இருக்கும். கடல் மீனுக்கான விலையை அதற்குக் கொடுக்காமல் இருந்தால் சரி. இந்தப் பகுதிக் கடலில் பெருமையாகப் பேசப்படுவது பெட்ஸோன்யா: பெரிய கண்ணும் இளஞ்சிவப்பு உடலும் கொண்ட ஆழ்கடல் மீன். விலை அதிகம். ஒருமுறை சாப்பிடத் தகுந்தது.

சமைக்கும் விதத்தையும் உங்களிடம் கேட்பார்கள். "அல்லா கிரீல்யா" என்றால் கம்பித் தணலில் சுட்டது. "அல் ஸாலே" என்றால் உப்புப் பொதிக்குள் வைத்து வேகவைத்தது. "அல்லாக்வா பாட்ஸா" என்பது சின்னத் தக்காளி, பூண்டு, பார்ஸ்லி, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் தண்ணீர் சேர்த்துத் தளதளவென்று வேகவைப்பது. இந்த மூன்றில் கடைசியையே பரிந்துரைப்போம். மீன் உலராது, குழம்பில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடலாம், குழம்புப் பிரியர்களுக்கு மனசு நிறையும். முள் எடுக்கத் தெரியவில்லை என்றால் "மே லோ புவோ புலீரே?" என்று கேளுங்கள். சர்வரே பக்கத்து மேஜையில் வைத்து சுத்தமாகப் பிரித்துத் தருவார். இதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது.

நெத்திலி, சூரை, கொலத்தூரா

எடை மீனைவிட இந்த ஊரின் தனித்தன்மை தெரிவது நெத்திலியில்தான். விலையும் எத்தோவில் அல்ல, தட்டுக்கு. அலீச்சி என்று எழுதியிருக்கும். நாம் சாப்பிடும் நெத்திலியின் குடும்பமே. மத்தியதரைக் கடலில் கிடைக்கும் இனம், சற்று சதைப்பற்றானது. பொரித்தது, உள்ளே புகையூட்டிய சீஸ் வைத்து முட்டையில் தோய்த்துப் பொரித்தது, ரொட்டித்தூள் தூவி அடுக்கி ஓவனில் சுட்டது, எலுமிச்சையில் ஊறவைத்தது என்று பல விதம். பல கடைகளில் ஐந்தாறு விதத்தை ஒரே தட்டில் சின்னச் சின்னதாக வைத்துத் தரும் முன்னுணவு இருக்கும். முதல்முறை போகிறவர் அதில் இருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். ஊரின் சமையல் மொத்தமும் ஒரு தட்டில் தெரிந்துவிடும்.

கொலத்தூரா என்பது உப்பில் கிடக்கும் நெத்திலியில் இருந்து வடியும் சாறு. பிடித்த மீனைக் கையாலேயே தலையும் குடலும் நீக்கி, தெர்ட்ஸீன்யோ எனப்படும் சின்ன மரத்தொட்டியில் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு கடலுப்பு என்று மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். மேலே மர மூடி, அதன் மேல் கற்பாரம். குறைந்தது ஒன்பது மாதம் கழித்துத் தொட்டியின் அடியில் துளையிட்டால் சொட்டுச் சொட்டாகத் தேன் நிறத்தில் சாறு இறங்கும். ரோமானியர் காலத்து மீன் சாறான காரும் என்பதன் வாரிசாக இதைச் சொல்வார்கள். 2020-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு டி.ஓ.பி என்ற பிறப்பிடப் பாதுகாப்பு கொடுத்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ஸ்பகெத்தி பாஸ்தாவில் இதைக் கலந்து சாப்பிடுவது ஊர் வழக்கம். உணவகங்களில் ஆண்டு முழுக்கக் கிடைக்கும்.

அந்த ஸ்பகெத்தி தட்டைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கலாம். மீன் துண்டு எதுவும் கண்ணில் படாது. பூண்டு, பார்ஸ்லி, மிளகாய், ஆலிவ் எண்ணெய், கொலத்தூரா, அவ்வளவே. சுவை முழுக்க அந்தச் சாறில் இருக்கிறது. உப்புச்சுவை தூக்கலாகவே இருக்கும், அதனால் சாப்பிட்டுப் பார்க்காமல் மேலே உப்பு போடக் கூடாது. சீஸும் கேட்க வேண்டாம். இத்தாலியில் மீன் பாஸ்தாவுக்குச் சீஸ் தூவுவதில்லை. காரணம் எளிது, முற்றிய சீஸின் உப்பும் வாசனையும் மீனை அமுக்கிவிடும். காரம் போதவில்லை என்றால் "பெப்பெரொன்ச்சீனோ" என்று கேட்டால் உலர்ந்த மிளகாயோ மிளகாய் ஊறிய எண்ணெயோ கொண்டுவந்து வைப்பார்கள். அதைத் தயங்காமல் கேட்கலாம், தென்னித்தாலியர்களுக்கும் மிளகாய் பிடிக்கும்.

சூரைக்கு தொன்னோ என்று பெயர். சுருக்கு வலையில் பிடிபடும் நீலத்துடுப்புச் சூரைக்கு மத்தியதரைக் கடலில் மே 26 முதல் ஜூலை 1 வரைதான் அனுமதி. அப்படிப் பிடிப்பதில் பெரும்பகுதி உயிரோடு கூண்டில் இழுத்துச் செல்லப்பட்டு, கொழுக்க வைக்கும் பண்ணைகளுக்குப் போய்விடுகிறது. ஆகவே தட்டில் வரும் சூரைத் துண்டு இவ்வூர்ப் படகில் வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எண்ணெயில் பதப்படுத்திய சூரைதான் இங்கே சிறப்பு. அதிலும் வயிற்றுப் பகுதியான வென்த்ரெஸ்கா வெண்ணெய் மாதிரி கரையும். முன்னுணவில் அது இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

கலவைப் பொரியல் வேண்டும் என்றால் இரண்டு பெயர் இருக்கும். "ஃப்ரித்தூரா தி பரான்ட்ஸா" என்பது அன்று கிடைத்த பொடி மீன்கள், முள்ளோடு. "ஃப்ரித்தோ மீஸ்தோ" என்பது பெரும்பாலும் கணவாய் வளையங்களும் இறாலும், பல இடங்களில் உறைந்து வந்தவை. துறைமுகத்தில் முதலாவதையே கேட்க வேண்டும். கையால் எடுத்துச் சாப்பிடலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பச்சையாக வரும் மீன்

எலுமிச்சையில் ஊறிய நெத்திலியும், கார்பாச்சோ, குரூதோ என்ற பெயரில் வரும் மீன் சீவல்களும் சமைக்காதவை. நெத்திலியில் அனிசாக்கிஸ் என்ற புழுவின் இளம்பருவம் இருக்கக்கூடும். எலுமிச்சையோ வினிகரோ அதைக் கொல்லாது. மீன் வெளுத்திருப்பதால் வெந்துவிட்டது என்று நினைப்பது தவறு. ஐரோப்பியச் சட்டப்படி பச்சையாகப் பரிமாறும் மீனை முன்கூட்டியே மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரமோ மைனஸ் 35 டிகிரியில் 15 மணி நேரமோ உறைய வைத்திருக்க வேண்டும். இத்தாலிய மெனுவில் இதை "அப்பத்தூத்தோ" என்று குறிப்பிடுவார்கள். எழுதியிருக்கவில்லை என்றால் "எ ஸ்தாத்தோ அப்பத்தூத்தோ?" என்று கேட்டுவிடுங்கள். சர்வர் தெளிவாக ஆமாம் என்று சொல்லாவிட்டால் பொரித்ததை வாங்குவது மேல். கர்ப்பிணிகள் பச்சை மீனை எப்படியும் தவிர்க்க வேண்டும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு வசதி: ஐரோப்பிய உணவகங்கள் 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றித் தகவல் தரச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. "அல்லெர்ஜெனி" பட்டியலைக் கேட்டால் காட்டியாக வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர் கூட இருந்தால்

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் "சோனோ வெஜெத்தரியானோ", பெண் என்றால் "வெஜெத்தரியானா", என்று சொல்வதோடு நிறுத்தினால் இந்த ஊரில் போதாது. காய்கறி, கீரை, பூசணிப்பூப் பொரியல் ஆகியவற்றில்கூட நெத்திலியோ கொலத்தூராவோ சேர்ப்பது இங்கே சகஜம். "சென்ட்ஸா பேஷே, சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா கொலத்தூரா" என்று மூன்றையும் சொல்லுங்கள்: மீன், இறைச்சி, கொலத்தூரா எதுவும் சேர்க்க வேண்டாம் என்று பொருள். பொரியல் என்றால் மீன் பொரித்த அதே எண்ணெயா என்றும் கேட்க வேண்டும்: "எ லோ ஸ்தெஸ்ஸோ ஓல்யோ?" நம்பிக் கேட்கக்கூடியவை தக்காளி ஸ்பகெத்தி, தக்காளியும் மொட்ஸரெல்லாவும் சேர்த்த கப்ரேஸே, தக்காளிச் சாற்றில் சீஸோடு வேகவைத்த உருளைக்கிழங்கு உருண்டையான ஞோக்கி அல்லா சொரென்தீனா, சுட்ட காய்கறித் தட்டு. பார்மிஜானோ சீஸ் கன்றின் வயிற்று நொதியால் உறைய வைக்கப்படுவது. அதையும் தவிர்ப்பவர்கள் "சென்ட்ஸா ஃபொர்மாஜ்ஜோ" என்று சேர்த்துச் சொல்லலாம்.

குடிப்பதற்கு

உட்கார்ந்ததும் முதல் கேள்வி தண்ணீர் பற்றித்தான். "நத்தூராலே" சாதாரணத் தண்ணீர், "ஃப்ரிட்ஸான்தே" குமிழி உள்ளது. இரண்டும் பாட்டிலில் வரும், காசுதான். ஒயின் சாப்பிடுகிறவர்கள் கோஸ்தா தமால்ஃபி வெள்ளை ஒயினைக் கேட்கலாம். ஃபலான்கீனா, பியான்கொலெல்லா என்ற உள்ளூர் திராட்சைகள் அதில் இருக்கும், மீனுக்குப் பொருந்தும். முழு பாட்டில் வேண்டாம் என்றால் வீட்டு ஒயினைக் கால் லிட்டர், அரை லிட்டர் குவளையில் தருவார்கள்: "உன் குவார்த்தோ", "மெட்ஸோ லீத்ரோ". காப்பி இனிப்புக்குப் பின்னால்தான், அதுவும் எஸ்ப்ரெஸ்ஸோ. மீன் சாப்பிட்ட பிறகு கப்புச்சீனோ கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் பால் காப்பி அங்கே காலைக்கானது. இனிப்பில் எலுமிச்சை சேர்ந்த எதையும் நம்பி வாங்கலாம். இந்தக் கடற்கரையின் நீள எலுமிச்சைக்கு உலகப் பெயர் உண்டு.

பில்

நீங்கள் கேட்காமல் பில் வராது. எழுந்து போகச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்பதால் அவர்களாகக் கொண்டுவருவதில்லை. "இல் கோன்தோ, பெர் ஃபவோரே" என்று கேட்க வேண்டும். காத்திருந்து காத்திருந்து சர்வர் அலட்சியப்படுத்துகிறார் என்று கோபப்படுகிறவர்கள் இதை அறியாதவர்கள்.

பில்லின் முதல் வரியில் "கொபெர்த்தோ" இருக்கும். மேஜை, ரொட்டிக்கான கட்டணம். ஆளுக்கு இரண்டு, மூன்று யூரோ, சில இடங்களில் சற்று அதிகம். ரொட்டியைத் தொடாவிட்டாலும் உண்டு. மெனுவில் குறிப்பிட்டிருக்க வேண்டும், எங்கேயாவது அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். "செர்வீட்ஸியோ" என்று பத்து சதவீதம் போட்டிருந்தால் அது சேவைக் கட்டணம், அதற்கு மேல் டிப்ஸ் தேவையே இல்லை. இல்லாவிட்டாலும் டிப்ஸ் கட்டாயம் கிடையாது. மகிழ்ச்சியாக இருந்தால் மேஜையில் இரண்டு, மூன்று யூரோ நாணயங்கள் வைத்துவிட்டு வரலாம்.

சரிபார்க்க வேண்டியவை: தலை எண்ணிக்கையும் கொபெர்த்தோ எண்ணிக்கையும் ஒன்றா, தண்ணீர் பாட்டில் எத்தனை, மீனின் எடை மேஜையில் சொன்ன எடைதானா. வேறுபட்டால் அமைதியாக விரல் வைத்துக் காட்டுங்கள். பெரும்பாலும் உடனே திருத்துவார்கள். கார்டு வாங்குவது சட்டப்படி கட்டாயம். இருந்தாலும் இணைப்பு கிடைக்காத நாள் உண்டு, ஐம்பது யூரோ ரொக்கம் கையில் இருக்கட்டும். ஆளுக்கு ஆள் தனித்தனி பில் கேட்பது அங்கே வழக்கமில்லை. மொத்தத்தைத் தலைக்குச் சமமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். நண்பர்களாகப் போகிறவர்கள் ஒருவர் கட்டிவிட்டுப் பிறகு கணக்குப் பார்ப்பது சுலபம்.

வீட்டுக்கு ஒரு பாட்டில்

துறைமுகத்தில் இருந்து மேலே ஏறும் தெருவிலேயே கொலத்தூரா விற்கும் கடைகள் இருக்கின்றன. சின்னக் கண்ணாடிப் பாட்டிலில், சிவப்பு மஞ்சள் கலந்த டி.ஓ.பி முத்திரை ஒட்டியிருப்பதை வாங்குங்கள். பொருட்பட்டியலில் நெத்திலியும் உப்பும் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் அனுமதி இல்லை. அளவு எதுவானாலும் பெரிய பெட்டியில் வைத்துவிடுவதே பாதுகாப்பு. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவே வையுங்கள். கசிந்தால் அந்த வாசனை பெட்டியை விட்டுப் போகவே போகாது.

வீட்டில் செய்யும்போது நான்கு பேருக்கு 400 கிராம் ஸ்பகெத்தியை உப்பே போடாத தண்ணீரில் வேகவிடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். உப்புத் தண்ணீரில் வேகவைத்தால் சாறு சேர்ந்ததும் வாயில் வைக்க முடியாது. ஒரு பெரிய கிண்ணத்தில் நான்கு மேசைக்கரண்டி கொலத்தூரா, ஐந்தாறு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், நசுக்கிய இரண்டு பூண்டுப் பல், பொடியாக நறுக்கிய பார்ஸ்லி, ஒரு உலர் மிளகாய் போட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அடுப்பில் ஏற்ற வேண்டாம், சூடாக்கினால் மணம் போய் வீச்சம் மட்டும் நிற்கும். வெந்த பாஸ்தாவை நேராக அந்தக் கிண்ணத்தில் போட்டு, வேகவைத்த தண்ணீரில் இரண்டு கரண்டி ஊற்றி, எண்ணெயும் சாறும் சேர்ந்து பளபளப்பாகப் பிடிக்கும் வரை புரட்டி, உடனே பரிமாறுங்கள். மீதிப் பாட்டிலை இறுக மூடிக் குளிர்ந்த, வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.